பட்டக் குச்சிகளை இணைக்க எந்தப் பசை? நெல்லைக் காற்றுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பட்டம் விடுவோருக்குக் காற்றுப் பஞ்சம் கிடையாது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் தென்மேற்குக் காற்று புகுந்துவிட்டால் ஆவணி வரை லேசில் ஓயாது. பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பஞ்சமெல்லாம் அந்தக் காற்றைத் தாங்கும் இணைப்புக்குத்தான். அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஆடிக் காற்றில், சிலுவை போல வைத்து ஒட்டிய இரண்டு குச்சிகள் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைப் பசைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ஆனால் கடைக்குப் போய், "அண்ணாச்சி, நன்றாகப் பிடிக்கிற பசையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது அதிகம் விற்கிற பசை. அவரைக் குறை சொல்ல முடியாது. எதை எதோடு ஒட்டப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இந்த வழிகாட்டி கடைக்குப் போவதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் தொடங்கி, ஒட்டியதைச் சோதித்துப் பார்ப்பது வரை போகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தில் பாரத்தைச் சுமக்க வேண்டியது நூல் கட்டு. அந்தக் கட்டு நழுவாமல், அவிழாமல், ஈரம் புகாமல் காப்பதுதான் பசையின் வேலை. கட்டு இல்லாமல் பசையை மட்டும் நம்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பசையும் ஒரு நாள் கைவிடும்.

முதல் படி: இணைப்பைப் பாருங்கள்

பட்டத்தில் மூன்று வகை இணைப்புகள் வருகின்றன. முதலாவது, நேராக நிற்கும் முதுகுக் குச்சியும் வளைத்துக் கட்டும் வில் குச்சியும் குறுக்கே சந்திக்கும் இடம். இங்கே காற்று அமுக்கும்போது ஒரு குச்சி மற்றொன்றின் மேல் திருகப் பார்க்கும். இரண்டாவது, நீளம் போதாமல் இரண்டு குச்சிகளை முனைக்கு முனை சேர்க்கும் இடம். மூன்றிலும் கடினமானது இதுதான். குச்சி வளைகிற வேகமெல்லாம் இந்த ஒட்டில்தான் வந்து நிற்கும். மூன்றாவது, கழற்றி மாட்டும் இணைப்பு. இரண்டு மீட்டர் குச்சியோடு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், இந்த வகையின் அருமை தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் பசையின் குணம் வேறு. குறுக்கு இணைப்புக்குக் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். முனை இணைப்புக்கு இடைவெளியை நிரப்பி இறுகும் பசை வேண்டும். கழற்றும் இணைப்பில் பாதிக்குத்தான் பசை. மறுபாதிக்குப் பசையே கூடாது.

இரண்டாம் படி: குச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூங்கில் தப்பைதான் இன்னும் நம் ஊரில் முதன்மை. அதன் வெளித்தோல் வழவழப்பானது. மெழுகும் மணல்சத்தும் படிந்தது. எந்தப் பசையும் அதில் சரியாக ஊறாது. உள்பக்கம் மெத்தென்று இருக்கும், பசையை உறிஞ்சும். ஆனால் மூங்கிலின் வலிமையில் பெரும்பகுதி வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. அதனால் தோலை ஆழமாகச் சீவிவிடக் கூடாது. ஒட்டும் இடத்தில் மட்டும் மினுமினுப்புப் போகும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தால் போதும். குறுக்கு இணைப்பில் முடிந்தவரை உள்பக்கத்தோடு உள்பக்கம் சேருமாறு வையுங்கள். பச்சை மூங்கிலில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது காயும்போது சுருங்கும்; கட்டு தானாகத் தளரும்.

தென்னை ஈர்க்கு சிறு பட்டங்களுக்குப் போதும். ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு என்பதால் இரண்டு ஈர்க்குகளைத் தலைமாற்றி வைத்துச் சேர்த்துக் கட்டினால் நீளம் முழுவதும் ஒரே விறைப்புக் கிடைக்கும். இங்கும் மேற்பரப்பு வழுக்கும், ஆகவே லேசான தேய்ப்பு அவசியம்.

கண்ணாடி இழைக் கம்பி இப்போது பழைய குடைகளிலிருந்தே கிடைக்கிறது. கிழிந்த குடையைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் கம்பிகள் இரும்பா இழையா என்று பாருங்கள். கார்பன் குழாய்களை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இவை இரண்டும் ஒரு சொட்டுப் பசையைக்கூட உறிஞ்சாது. மரத்துக்கு நன்றாக வேலை செய்யும் வெள்ளைப் பசை இவற்றில் காய்ந்ததும் தோல் போல உரிந்து வந்துவிடும். தேய்த்துச் சொரசொரப்பாக்கும்போது முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

மூன்றாம் படி: பசையைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளைப் பசை, அதாவது நாம் எல்லாரும் ஃபெவிகால் என்று சொல்லிப் பழகிய தச்சுப் பசை, மூங்கிலுக்கும் ஈர்க்குக்கும் என் முதல் தேர்வு. காரணம் எடை. இதில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். காய்ந்ததும் அது ஆவியாகிவிடுவதால் மிஞ்சுவது கொஞ்சமே. மொத்தமே சில பத்து கிராம் எடையுள்ள பட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. பருத்தி நூலுக்குள் நன்றாக ஊறி, நூலையும் குச்சியையும் ஒன்றாக்கும். காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சமிருப்பதால் பட்டம் தரையில் மோதினால் பட்டென்று தெறிக்காது.

குறைகள் இரண்டு. ஈரம் பட்டால் இளகும். சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம், இலஞ்சிப் பக்கம் விடுவதானால் நீர் தாங்கும் மரைன் வகையை வாங்குங்கள். இன்னொன்று, ஒரே திசையில் நாள்கணக்காக இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். வில்லை வளைத்துக் கட்டியபடியே பட்டத்தைச் சுவரில் மாட்டி வைப்பவர்கள், அடுத்த மாதம் எடுக்கும்போது ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து விழிப்பது இதனால்தான். விட்டு முடித்ததும் வில் நாணைத் தளர்த்தி வையுங்கள்.

ஆரல்டைட் போன்ற இருகுழாய் எபாக்ஸி, இழைக் கம்பிக்கும் கார்பனுக்கும் வேறு வழியில்லாத பசை. மூங்கிலிலும் முனை இணைப்புக்கு இதையே சொல்வேன். இடைவெளியை நிரப்பும், சுருங்காது, ஈரத்துக்கு அஞ்சாது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும் ஒரு நாள் எடுக்கும் வகையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மெதுவான வகையை எடுங்கள். அது ஊறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது, கடைசியில் வலிமையும் அதிகம். ஐந்து நிமிட வகை அவசரப் பழுதுக்கு இருக்கட்டும்.

எபாக்ஸியில் பலரும் செய்யும் தவறு, சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டு குழாய்களில் ஒன்றான கடினமாக்கியை (ஹார்டனர்) கூடுதலாகப் பிதுக்குவது. இது சுண்ணாம்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வெற்றிலை இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று அளவாகச் சேர்ந்துதான் இறுகுகின்றன. எது மிஞ்சினாலும் அது இணையாமல் உள்ளேயே கிடந்து பசையைப் பிசுபிசுப்பாக்கும். குழாயில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றி, ஓரங்களை வழித்து வழித்து இரண்டு நிமிடம் கலக்குங்கள். கலந்ததைக் குவியலாக விடாதீர்கள். குவியலில் உண்டாகும் சூடு வெளியேறாமல் தானே தன்னைச் சூடாக்கி விரைவில் இறுகிவிடும். தட்டையாகப் பரப்பி வைத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். சித்திரை மதியத்தில் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து கலக்கினால் ஐந்து நிமிட வகை ஐந்து நிமிடம் காத்திருக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கடினமாக்கி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது.

எபாக்ஸி எடைக்காரப் பசை என்பதையும் மறக்காதீர்கள். ஊற்றிய அத்தனையும் அப்படியே தங்கும். இறக்கை முனையில் ஒருபக்கம் ஒரு சொட்டு கூடிப்போனால் பட்டம் அந்தப் பக்கமே சாயும்.

உடனடிப் பசை, ஃபெவிக்விக் வகை. நம் ஊரில் இதற்குத்தான் மவுசு. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிகளின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கைக்கு வந்த பொருள் இது; எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள், 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் மேற்பரப்பிலும் இருக்கும் ஈரம் பட்டதும் இறுகுகிறது. நேராக இழுத்தால் அபாரமாகப் பிடிக்கும். உரித்தாலோ, தட்டினாலோ, அதிர்ந்தாலோ விட்டுவிடும். பட்டத்தின் வாழ்க்கையே அதிர்ச்சிதான். போதாக்குறைக்கு, நீர்த்த வகை மூங்கில் நாருக்குள் ஓடிப் பரவி அந்தப் பகுதியைக் கண்ணாடி போல விறைக்க வைக்கிறது. விறைத்த பகுதி முடிந்து நெகிழ்ந்த பகுதி தொடங்கும் கோட்டில்தான் குச்சி முறியும். இணைப்பு உடையவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே குச்சியை மாற்ற வேண்டியதுதான்.

நூல் முடிச்சை இறுக்க, பிளந்த கார்பன் முனையைச் சுற்றிய நூலைப் பிடிக்க, களத்தில் பழுது பார்க்க என்று இதற்கும் வேலை உண்டு. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ அதிகமாகக் கொட்டிவிட்டால் சூடேறிப் புகையும், கையைச் சுடும். ஆகவே பருத்தி நூல் கட்டின் மேல் சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். சிறுவர்கள் கையில் இந்தக் குழாயைக் கொடுக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ரப்பர் பசை, அதாவது செருப்புத் தைப்பவரும் பஞ்சர் ஒட்டுபவரும் பயன்படுத்தும் வகை, துணிப் பட்டத்தில் ஒட்டுப் போட நல்லது. குச்சிக்கு வேண்டாம். எப்போதும் இளகிய தன்மையோடு இருப்பதால் பாரம் இழுக்க இழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும்.

துப்பாக்கியில் உருக்கி விடும் சூட்டுப் பசையைப் பள்ளிச் செயல்திட்டங்களோடு விட்டுவிடுங்கள். கனம், மேலோட்டமான பிடிப்பு. நம் வெயிலில் மொட்டைமாடித் தரையில் கொஞ்ச நேரம் கிடந்தாலே இளகத் தொடங்கும்.

மைதாப் பசை, சோற்றுப் பருக்கை, கருவேலம் பிசின் எல்லாம் காகிதத்துக்கு இன்றும் நிகரில்லாதவை. காகிதத்தை அவற்றாலேயே ஒட்டுங்கள், குச்சிக்கு மட்டும் வேறு பசைக்குப் போங்கள். மைதாவைக் காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்ப்பது பூச்சி அரிக்காமல் இருக்கத்தான். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் சேர்க்காதீர்கள். விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் பழைய தச்சர்களின் வச்சிரப் பசை மரத்தில் அற்புதமாகப் பிடிக்கும், ஆனால் சாரல் பட்டால் இளகிவிடும்.

பசையில் கண்ணாடித் தூள் கலந்து நூலுக்குப் பூசுவதற்கு எந்தப் பசை ஏற்றது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கும் வேலை அது. நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது.

நான்காம் படி: ஊரையும் நாளையும் பாருங்கள்

ஒரே பசை சீமை முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சாரல் விழும் நாளில் தென்காசியில் வெள்ளைப் பசை காய ஒரு நாள் போதாமல் போகலாம். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே பால் போல ஈரம் நிற்கும். வெண்மை முழுவதும் மறைந்து கண்ணாடி நிறம் வந்த பிறகுதான் அது காய்ந்ததாக அர்த்தம். எபாக்ஸியிலும் அந்த ஈரக் காற்றில் மேலே மெழுகு போல ஒரு படலம் படியக்கூடும். அடுத்த பூச்சுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

திருச்செந்தூர், உவரி, மணப்பாடு கடற்கரையில் உடனடிப் பசை கண் மூடித் திறப்பதற்குள் இறுகும். திருத்த அவகாசம் தராது. கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில் சிக்கல் வெயில். சாதாரண எபாக்ஸி ஐம்பது அறுபது டிகிரியில் விறைப்பு இழக்கத் தொடங்குகிறது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். கறுப்புக் கார்பன் குழாய் இன்னும் வேகமாகச் சூடேறும். பட்டத்தை மடக்கித் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

ஐந்தாம் படி: கட்டி ஒட்டுங்கள்

குறுக்கு இணைப்புக்குக் குச்சியில் பள்ளம் வெட்டாதீர்கள். பள்ளம் வெட்டினால் பார்க்கத் தச்சு வேலை போல அழகாக இருக்கும், ஆனால் பாரம் தாங்கும் நார்களை நீங்களே அறுத்துவிட்டீர்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தொடும் இடத்தில் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பருத்தி நூலை மூலைவிட்டமாக ஒரு பக்கம் ஆறேழு சுற்று, எதிர்ப்பக்கம் ஆறேழு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். நூல் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும்.

இதற்கு அடுத்துதான் பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை. நூலை இரண்டு குச்சிகளுக்கும் இடையே நுழைத்து, ஏற்கெனவே போட்ட சுற்றுகளையே இடுப்பைப் பிடிப்பது போல மூன்று சுற்று சுற்றி இழுக்க வேண்டும். அப்போது முந்தைய சுற்றுகள் எல்லாம் ஒருசேர இறுகுவதை விரலிலேயே உணரலாம். குச்சிகள் லேசாக முனகும். முடிச்சுப் போட்டு, விரல் நுனியில் வெள்ளைப் பசை தொட்டு, நூல் நிறம் மாறி ஊறும் வரை தேய்த்து விடுங்கள். வழியும் பசையைத் துடைத்துவிடுங்கள். துண்டாகத் திரண்டு நிற்கும் பசையால் பயனில்லை, எடைதான்.

கட்டும் நூல் பசைக்கு ஏற்ப மாறும். வெள்ளைப் பசைக்குப் பருத்தி, எபாக்ஸிக்குப் பாலியெஸ்டர் தையல் நூல். நைலான் நூல் இழுபடும், பசையும் அதில் ஊறாது, வேண்டாம்.

முனை இணைப்பில் இரண்டு குச்சிகளையும் சாய்வாகச் சீவ வேண்டும். சாய்வின் நீளம் குச்சித் தடிமனைப் போல 8 முதல் 12 மடங்கு: 5 மில்லிமீட்டர் குச்சிக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர். இதைக் குறைத்துவிட்டு நல்ல பசையால் ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், முடியாது. கணு இருக்கும் இடத்தைத் தவிர்த்துச் சீவுங்கள். இரண்டு சாய்வுகளையும் வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். எபாக்ஸியை இரண்டு முகங்களிலும் தடவிச் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை விரல் அகல நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்கு இணையான அழுத்தம் கிடைக்கும். கீழே ஒரு பாலித்தீன் துண்டு சுற்றியிருந்தால் டியூப் ஒட்டிக்கொள்ளாது. பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிடாதீர்கள். மறுநாள் டியூபை அவிழ்த்துவிட்டு, சாய்வின் இரு நுனிகளிலும் நூல் சுற்றிப் பசை பூசுங்கள். பிரியத் தொடங்குவது அங்கிருந்துதான்.

கார்பன் குழாயில் உள்குழாய் செருகும் இணைப்பானால், இரு பரப்பையும் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு பக்கம் மட்டும் எபாக்ஸி பூசிச் செருகுங்கள். துடைத்த பிறகு விரலால் தொடக் கூடாது. கைப்பிசுக்கே போதும், பிடிப்பைக் கெடுக்க. அலுமினியக் குழாய் என்றால் தேய்த்த கையோடு பசை பூசிவிட வேண்டும், காற்றுப் பட்டதும் அதன் மேல் மறுபடி ஆக்சைடு படியும். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காற்றாலைப் பக்கத்தில் உயரழுத்தக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்தக் காடுகளில் கார்பன் பட்டத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: உடைத்துப் பாருங்கள்

பட்டத்தில் ஒட்டும் முன் மிச்சத் துண்டுகளில் அதே குச்சி, அதே பசை, அதே கட்டோடு ஒரு மாதிரி செய்து, ஒரு முழு நாள் விட்டுவிட்டு, கையால் வளைத்து உடையுங்கள். உடைந்த இடத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும். நார் கிழிந்து குச்சி உடைந்திருந்தால் பசை தேறிவிட்டது. குச்சியின் முகம் சுத்தமாகவும் பசை மறுபக்கத்தில் தகடாகவும் நின்றால், தேய்த்தது போதவில்லை அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பசையே இரண்டாகப் பிளந்து இருபக்கமும் ஒட்டியிருந்தால் சரியாகக் கலக்கவில்லை, இல்லையேல் காயவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டின் ஓரத்திலேயே குச்சி முறிந்தால் இணைப்பு அளவுக்கு மீறி விறைத்திருக்கிறது. பசையைக் குறையுங்கள், நூல் சுற்றைப் படிப்படியாக மெலிவாக்கி முடியுங்கள். இன்னொரு மாதிரியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு வெயிலில் ஒரு பகல் வையுங்கள். மாலையில் கோணம் மாறியிருந்தால் அந்தப் பசை நம் ஊர் வெயிலுக்கு உதவாது.

குச்சியை மாற்ற வேண்டி வந்தால்

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பனை மரத்தில் மோதும் பட்டம் மோதத்தான் செய்யும். முறிந்த குச்சியை எடுக்கப் பழைய பசையை நீக்க வேண்டும். வெள்ளைப் பசைக் கட்டின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் சிறிது நேரத்தில் குழையும். மரைன் வகைக்கு இது அவ்வளவு எளிதில் பலிக்காது, நூலை அறுத்துச் சுரண்டத்தான் வேண்டும். உடனடிப் பசைக்கு நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன். எபாக்ஸிக்குக் கரைப்பான் தேடி அலைய வேண்டாம். முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, இளகியிருக்கும்போதே குழாயைத் திருகி இழுங்கள். மீதியைச் சுரண்டி, மூங்கிலானால் பசை ஊறிய அந்த மேல்நாரையும் தேய்த்து எடுத்த பிறகே புதுப் பசை. பழைய வெள்ளைப் பசையின் மேல் புதியது ஒட்டாது.